முந்நூற்றாறு குதிரையும் ஒரு மடியும்

சார்செல், பாரிசுக்குப் பக்கத்தில்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள மேனாவுக்கு,

போனில் பிளாக். வாட்ஸ்அப்பில் பிளாக். உன் வீட்டுக்காரர் நம்பருக்குக் கூப்பிட்டால் நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் தூங்கறேன்னு சொல்லுங்க" என்று அவரிடம் சொல்வது எனக்கே கேட்கிறது. தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாது. அதனால்தான் ரெஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகணும்.

அப்படி நான் என்னதான் சொல்லிவிட்டேன்? பொங்கலன்று குடும்பக் குரூப்பில் படம் போட்டாய். மணக்குள விநாயகர் கோயில் தெருவில் சிவப்பு வண்டி, மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் நீயும் செம்மல் மச்சானும் பாப்பா செல்வியும். "வாழ்த்துகள் மேனா" என்று போட்டேனா இல்லையா? அதற்குப் பிறகு ஒரு தகவல் சொன்னேன். "ஆனா அங்க வர்றதுல 286 குதிரைதான். எங்ககிட்ட இருக்கறதுல 306. இந்தியாவுக்குன்னா எப்பவுமே கொஞ்சம் கொறச்சுத்தான் அனுப்புவான்." இவ்வளவுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது? கம்பெனியின் இந்திய வலைத்தளத்தில் 286 குதிரைத்திறன், பிரெஞ்சு வலைத்தளத்தில் 306. அதே வண்டி, அதே இன்ஜின், அதே இரண்டு சீட்டு. மூன்று வருஷமாக அதே வண்டி வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா?

இதற்குப் போய் குரூப்பை விட்டு வெளியேறுவதா? காலண்டரில் வந்த அந்தச் சிவப்பு வண்டிப் படத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, அதற்குச் 'செவலை' என்று பெயர் வைத்ததே நாம் இரண்டு பேரும்தானே. நீயும் ஒன்று வாங்கியதில் என்னைவிட யாருக்குச் சந்தோஷம்?

செல்விக்குக் காது குத்தத் தேதி வைத்துவிட்டீர்களா? வைத்தால் எனக்குச் சொல்லப்போகிறாயா இல்லையா? நான் வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. லீவு நிலவரம் சரியில்லை.

மதிவாணன்


உழவர்கரை, புதுச்சேரி
19 பிப்ரவரி 2025

மதிவாணன் அவர்களுக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. 'அண்ணா' என்று எழுதக் கையும் வரவில்லை. தபால்காரர் வெயிலில் நின்றார், பாவம், அதனால் கையெழுத்துப் போட்டேன்.

என்ன சொன்னாய் என்றா கேட்கிறாய்? கேட்டுக்கொள். உன் மெசேஜுக்குக் கீழே நம் பெரியப்பா மகன் கோவிந்தராசு அண்ணன் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டார். மறுநாள் கருவடிக்குப்பத்தில் அம்மாவைப் பார்க்கப் போனால், நம் குரூப்பிலேயே இருக்கிற எதிர்வீட்டு மணியம்மாள் அத்தை வாசலிலேயே நிறுத்தி, "ஏம்மா, உன் வண்டியில இருபது குதிரைய எடுத்துட்டுக் குடுத்துட்டானாமே, போலீசுல சொன்னியா?" என்கிறார். என் கம்பெனியில் வாஷர் அடிக்கிற பிள்ளைகள் நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். வண்டியைப் பார்த்து "சூப்பர் மேடம்" என்றவர்கள் இப்போது "அப்பிடியா மேடம்?" என்கிறார்கள். பால்காரர் வரைக்கும் துக்கம் விசாரித்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் ரப்பர் வாஷரும் கேஸ்கட்டும் அடித்து, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டி" என்றவர்கள் வாயை எல்லாம் மூடி, நான் வாங்கினது அது. நீ ஒரு வரியில் அதைக் குறைச்சல் வண்டி ஆக்கிவிட்டாய். அதுவும் எல்லார் முன்னாலும். தனியாகச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சரி, உன் 'தகவலுக்கு' வருவோம். உன் 306 பிரெஞ்சுக் குதிரை. என் 286 இங்கிலீஷ் குதிரை. எழுபத்தைந்து கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் உங்கள் ஊரில் ஒரு குதிரை. இங்கிலீஷ்காரன் பவுண்டிலும் அடியிலும் கணக்குப் போட்டான். அவன் குதிரை ஒரு பொடி பெரிசு. அவனுடைய நூறு, உன்னுடைய கிட்டத்தட்ட நூற்றொன்றரைக்குச் சமம். இந்திய வலைத்தளத்தில் இருப்பது பி.எச்.பி., அதாவது இங்கிலீஷ் கணக்கு. என் 286-ஐ உன் கணக்கில் எழுதினால் 290. கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் என்று இருந்த ஊரில் பிறந்தவன் நீ. ரெண்டு பேர் அளவும் ஒன்றாக இருக்காது என்று உனக்குக்கூடவா தோன்றவில்லை?

இதைக் குரூப்பில் நீயே போடு. "நான் சொன்னது தப்பு" என்று போடு.

காது குத்து ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. வில்லியனூர் தாண்டி நம் அய்யனாரப்பன் கோயிலில். செல்விக்கு அதற்குள் மூன்று வயது முடிந்துவிடும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும், உனக்குத் தெரியும். நீ குரூப்பில் போட்டால் பத்திரிகையில் உன் பெயர். போடாவிட்டால் கோவிந்தராசு அண்ணனும் எனக்கு அண்ணன்தான், அவருக்கும் மடி இருக்கிறது.

மேனகா


சார்செல்
7 மார்ச் 2025

மேனாவுக்கு,

உன் கணக்கு சரி. டிராமில் வேலைக்குப் போகும்போது போனிலேயே போட்டுப் பார்த்தேன். 290 வருகிறது.

ஆனால் நான் சொன்ன வித்தியாசம் இருபது. நீ அதில் நாலைத்தான் துடைத்திருக்கிறாய். மீதிப் பதினாறு? அதற்கு எந்த நாட்டுக் குதிரையைக் கூப்பிடப் போகிறாய்? நாலுக்கு நான் திருத்தம் போட்டால் பதினாறுக்கு யார் போடுவது? ஆகவே போட முடியாது.

உன் அண்ணி கலைவாணி உன் பக்கம். "ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா? தங்கச்சி ஆசையா ஒண்ணு வாங்கியிருக்கா, அதுல போயி குதிரை எண்ணிக்கிட்டு" என்று கடைக்குப் போகிற வழியெல்லாம் தன் சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டே திட்டினாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன், வேறென்ன செய்வது.

கோவிந்தராசுவின் மடியைக் காட்டி என்னைப் பயமுறுத்தாதே. அவனுக்கு மடி இருக்கிறதா என்பதே சந்தேகம், வயிறுதான் தெரிகிறது. ஆனால் நீ அவனைத்தான் உட்கார வைப்பேன் என்றால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. எனக்கு ஜூனில் வேலை அதிகம். உதிரிபாகக் கிடங்கில் இப்போது என்னை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது வேலை, உடனே லீவு கேட்க முடியாது.

அம்மா மூட்டு வலி எப்படி இருக்கிறது? இதற்காவது பதில் எழுது.

மதி


உழவர்கரை
24 மார்ச் 2025

மதிவாணனுக்கு,

'அவர்கள்' போய்விட்டது, கவனித்தாயா? பாசம் கூடியதால் இல்லை. எரிச்சல் கூடிவிட்டது.

பதினாறு எங்கே என்றாய். சென்னையில் வண்டி வாங்கின ஷோரூமுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். காபி கொடுத்தார்கள். கலர் புத்தகம் கொடுத்தார்கள். "மேடம், பவரை விடுங்க, ஃபீல் பாருங்க" என்றார் ஒரு பையன். "ஃபீல் பாக்கத்தான் வந்திருக்கேன், பதில் சொல்லாம போக மாட்டேன்" என்றேன். கடைசியில் செந்தமிழ் பேசுகிற ஒரு சர்வீஸ் மேனேஜர் வந்தார். அவர் சொன்னது இது.

இன்ஜின் ஒன்றுதான். இரும்பில் ஒரு குண்டுமணி வித்தியாசம் கிடையாது. ஆனால் இந்தியாவில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் சாதாரணமாகக் கிடைக்கிற பெட்ரோலின் தரம் 91 ஆக்டேன். உங்கள் ஊரில் 95-க்குக் கீழே கிடையாது, 98 தாராளமாகக் கிடைக்கிறது. மட்டமான பெட்ரோல் இன்ஜினுக்குள் தீப்பொறிக்கு முன்னாலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். இன்ஜின் 'டக் டக்'கென்று தட்டும், தட்டித் தட்டியே செத்துப்போகும். வெயிலில் சூடான காற்றை இழுத்தால் இன்னும் மோசம். அதனால் இந்த மாதிரி வெயில் ஊர்களுக்கு வருகிற வண்டியில் கம்ப்யூட்டரை மட்டும் கொஞ்சம் பொறுமையாக வைத்து அனுப்புகிறான். அப்படி வைத்த வண்டியை அளந்து வந்த எண்தான் 286. குறைத்து அனுப்பவில்லை. இங்கே பிழைக்கும்படி அனுப்புகிறான். இந்த வார்த்தையை அவர் சொன்னபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. நீ அங்கே 98 பெட்ரோல் போட்டுக்கொண்டு, இங்கே 91-இல் ஓடுகிறவர்களைப் பார்த்து 'குறைச்சல்' என்கிறாய். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியும் அம்மாவுக்கு மூட்டும் எனக்குக் கம்பெனியும் எல்லாம் 91-இல்தான் ஓடியது அண்ணா.

பார், கோபத்தில் அண்ணா என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னார். அந்த 306-உம் இந்த 286-உம் சோதனைக் கூடத்தில் இன்ஜினைத் தனியாக வைத்து அளப்பது. அதையும் காற்று 25 டிகிரி இருந்தால் எவ்வளவோ அந்தக் கணக்குக்குத் திருத்தி எழுதுவது. புதுச்சேரியில் எந்த மாதம் பகலில் 25 டிகிரி இருக்கிறது? மழை நாளில், அதுவும் புயல் சின்னம் இருந்தால்! சக்கரத்துக்கு வருவதற்குள் இன்னும் கொஞ்சம் கியரிலும் தண்டிலும் போய்விடும். ரோட்டில் 286-உம் கிடையாது, 306-உம் கிடையாது.

ஆகவே ஒரே வழி. உருளைமேல் வண்டியை நிறுத்தி ஓடவிட்டுச் சக்கரத்தில் எவ்வளவு வருகிறது என்று அளக்கிற மெஷின் இருக்கிறதே, டைனோ என்கிறார்கள், அதில் என் செவலையை ஏற்றிவிட்டேன். 181 கிலோவாட். குதிரையே வேண்டாம், கிலோவாட்டில் பேசுவோம். கிலோ எல்லா ஊரிலும் ஒன்றுதான், வாட்டும் ஒன்றுதான். நீயும் உன் வண்டியை ஏற்று. உன் எண்ணை எழுது. அதிகமாக இருந்தால் நானே குரூப்பில் திரும்பச் சேர்ந்து, "எங்கண்ணன் வண்டிதான் வண்டி" என்று போடுகிறேன். கதை அத்தோடு முடியட்டும். எனக்குப் பத்திரிகை அடிக்கணும்.

அம்மா மூட்டு அப்படியேதான் இருக்கிறது. "மதி ஏன் முன்ன மாதிரி வீடியோவுல வரமாட்டேங்கறான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் பிளாக் செய்தது என்னுடைய நம்பரில் மட்டும்தான். அம்மாவுக்கு ஏன் நீ வீடியோவில் வருவதில்லை?

மேனகா


சார்செல்
9 ஏப்ரல் 2025

மேனாவுக்கு,

டைனோ எல்லாம் இப்போது முடியாது. வண்டியில் இன்னும் குளிர்கால டயர்தான் இருக்கிறது. அதோடு உருளையில் ஏற்றினால் எண் சரியாக வராது. பேட்டரியும் இறங்கிவிட்டது, போன வாரம் பார்த்தால் கதவுகூடச் சாவிக்குத் திறக்கவில்லை. கலைவாணிக்கு நேரம் கிடைக்கும்போது கராஜில் சொல்லி எடுத்துப்போகச் சொல்கிறேன்.

அப்புறம், உன் டைனோவை நான் எப்படி நம்புவது? ஒரு மெஷின் காட்டுகிற மாதிரி இன்னொரு மெஷின் காட்டாது. அன்றைக்கு வெயில் எவ்வளவு? டயரில் காற்று எவ்வளவு? எந்த கியரில் வைத்து அளந்தான்? இதெல்லாம் தெரியாமல் 181 என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? நீ ஒரு எண்ணைச் சொன்னால் உடனே நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

91 பெட்ரோல், 98 பெட்ரோல் என்று நீ எழுதினது குத்தத்தானே எழுதினாய்? குத்தியது. நான் இங்கே சும்மா உட்கார்ந்து தின்னவில்லை.

பத்திரிகையில் கோவிந்தராசு பெயரையே போட்டுவிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். கோபம் இல்லை. தாய்மாமன் முறையில் அவன் செய்தால் ஊர் ஒன்றும் சொல்லாது. செல்விக்குத் தோடு நான் அனுப்பிவைக்கிறேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

மதிவாணன்


உழவர்கரை
26 ஏப்ரல் 2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செம்மல், "போதும், காது வலிக்குது, அவரு வராட்டி விடு" என்றார். என் பிள்ளை மடி இல்லாதவளா என்று அவரோடும் சண்டை போட்டேன். கருவடிக்குப்பம் போய் அம்மாவிடமும் சத்தம் போட்டேன். "கோவிந்தராசு மடியில ஒக்கார வெச்சுட்டு ஒங்கண்ணன உசுரோட எங்க வெக்கிறது?" என்று அம்மா அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்து அழ வைத்தாயே என்று அதற்கும் கோபம்.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். நாலைத் துடைத்தால் பதினாறு என்றாய். பதினாறுக்குப் பதில் சொன்னால் டயர் என்றாய், வெயில் என்றாய், கியர் என்றாய். நான் ஒவ்வொரு கதவாகச் சாத்தினேன், நீ ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாய். சண்டையில் ஜெயிக்க நினைக்கிறவன் இப்படிச் செய்யமாட்டான். சண்டை முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவன்தான் செய்வான்.

பேட்டரி இறங்கிவிட்டது என்கிறாய். ஏப்ரல் மாதத்தில் இன்னும் குளிர்கால டயர் என்கிறாய். நானும் அந்த வண்டிதான் வைத்திருக்கிறேன் அண்ணா. வாரத்தில் ஒரு நாள் எடுத்தால்கூடப் பேட்டரி இறங்காது. மாசக்கணக்கில் நின்றால்தான் கதவு திறக்காத அளவுக்குச் சாகும். செவலையை வாசலில் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் எடுக்காமல் இருக்கிற ஆளா நீ? வேலைக்கு டிராமில் போகிறாய். கடைக்குக் கலைவாணி அண்ணி ஓட்டுகிறாள். கராஜுக்குப் போகவும் அவளுக்கு நேரம் கிடைக்கவேண்டும். கிடங்கில் இருந்தவனை நாற்காலிக்கு மாற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முகம் காட்டமாட்டேன் என்கிறாய்.

உன் நம்பரைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அண்ணி நம்பரில் கூப்பிட்டேன். "அவரு தூங்கறாரு மேனா" என்றாள். அப்போது அங்கே மத்தியானம். அவள் குரலும் சரியில்லை.

எனக்குக் குதிரையும் வேண்டாம், கிலோவாட்டும் வேண்டாம். உன் 306-ஐயே வைத்துக்கொள். உனக்கு என்ன ஆச்சு? அதை மட்டும் எழுது. சுற்றி வளைத்தால் நானே கிளம்பி வந்து உன் கதவைத் தட்டுவேன். விசா கிடைக்க நாளாகும், ஆனால் வருவேன்.

மேனா


சார்செல்
10 மே 2025

மேனா,

உன்னிடம் மறைக்க முடியாது என்று கலைவாணி முதல் நாளே சொன்னாள்.

போன நவம்பரில் கிடங்கில் விழுந்துவிட்டேன். வலிப்பு. எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது நாக்கு கடிபட்டுச் சட்டையெல்லாம் ரத்தம், என்னைச் சுற்றி ஆட்கள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாரம் தூக்கும் வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். வலிப்பு கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் யாராவது செத்திருப்பார்கள். டிசம்பரில் வீட்டில் சாப்பிடும்போது இன்னொரு தடவை வந்தது. கன்னத்தில் நாற்காலி கிழித்துத் தையல் போட்டார்கள். அம்மாவுக்கு வீடியோவில் வராததற்கு அதுதான் காரணம். மூளையில் கட்டி எதுவும் இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் ஒரு வருஷம் வராமல் இருந்தால்தான் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் செவலை கீழ்த்தளத்தில் நிற்கிறது. பொங்கலன்று நீ படம் போட்டபோது நான் அங்கேதான் இருந்தேன், வண்டிக்குள். அவ்வப்போது போய் உட்காருவேன். ஸ்டார்ட் செய்யமாட்டேன். கிளட்சை மிதித்து கியரை மாற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்போது போன் ஒலித்தது. மாலை போட்ட வண்டி, ஸ்டியரிங்கில் கை வைத்து நீ சிரிக்கிறாய். சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் தாங்க முடியவில்லை மேனா. என் கையில் மிச்சம் இருந்தது அந்த எண் ஒன்றுதான். 306. அதைத் தூக்கி உன்மேல் போட்டேன். ஓட்ட முடியாதவனுக்கு முந்நூற்றாறு என்ன, ஆறு என்ன.

அப்புறம் நீ சண்டைக்கு வந்தாய். ஒரு வழியில் அது சௌகரியமாகப் போய்விட்டது. சண்டை இருந்தால் நான் வராததற்குக் காரணம் கேட்கமாட்டார்கள். நீ சொன்னது சரி. சண்டை தீர்ந்துவிடுமோ என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணைத் தேடிப் பிடித்தேன். நீ வேறு விடாக்கண்டன், எல்லாவற்றுக்கும் பதில் கொண்டுவந்தாய்.

நான் ஏன் வரமாட்டேன் என்கிறேன் என்று இப்போது புரியும். பிள்ளை என் மடியில். பத்தர் ஊசியைக் காதில் வைக்கிறார். அந்த நேரம் எனக்கு வந்துவிட்டால்? கையும் காலும் என் வசத்தில் இருக்காது. உடம்பு என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூட நான் நேரில் தூக்கியதில்லை. முதல் தடவை தூக்கும்போது அவளைக் கீழே போட்டுவிட்டால் நான் எப்படி இருப்பேன் மேனா? கோவிந்தராசு மடி உறுதியான மடி. அதில் உட்கார வை. எனக்கு வயிறு எரியும், பரவாயில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.

மதி


உழவர்கரை
23 மே 2025

அண்ணா,

போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், விஷயம் நடக்காது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஆறு மாசம்! ஆறு மாசம் ஒருத்தரும் கேட்காமல் தனியாகக் கிடந்தாயா? நாங்கள் எல்லாம் எதற்கு? சிரிப்புப் பொம்மை போடவா? நீ நல்லா இருக்கும்போது ஒரு வரியில் ஊரையே எழுப்புவாய், முடியாமல் போனால் வாயைத் தைத்துக்கொள்வாயா? உன்மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது, காரணம் மட்டும் மாறிவிட்டது. மூணு மாசம் உன்னோடு பெட்ரோலுக்கும் டயருக்கும் மல்லுக்கட்டினேனே, அந்த நேரத்தில் உன் தலைமாட்டில் இருந்திருக்கலாம். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய், நான் கேட்கவில்லை. அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "புள்ளைக்கு மாமன் மடி வேணும், மாமனுக்கு ஆள் வேணும், அவ்ளோதானே, வரச் சொல்லு" என்றார்.

நேற்று கோரிமேட்டில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், உன் மாத்திரைப் பெயரை அண்ணியிடம் வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்த்தோம். விழுப்புரம் பஸ்ஸில் வந்தவர்கள் பின்னால் வரிசையில் நின்று பார்த்தோம், பொறுமை எனக்கு உண்டா, செம்மல்தான் பிடித்து வைத்திருந்தார். டாக்டர் சொன்னது: மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. தூக்கம் கெடக்கூடாது. பட்டினி கிடக்கக்கூடாது. பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருக்கணும். "மத்தபடி அவரு தாராளமா ஒக்காரலாம், மடியில கொழந்தைய வெச்சுக்கலாம், ஏம்மா கூடாது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். விமானத்தில் தூக்கம் கெடும் என்பதால் பத்து நாள் முன்னாலேயே வந்து தூங்கி எழு.

கோயிலில் நாற்காலி கிடையாது. பாயில் சம்மணம் போட்டுத்தான் உட்காரணும், சாய்ந்தால் பாயிலேயேதான் சாய்வாய். உனக்கு வலப்பக்கம் செம்மல், தோளோடு தோளாக. இடப்பக்கம் நான், என் கை பிள்ளை இடுப்பில் இருக்கும். பின்னால் கோவிந்தராசு அண்ணன். அவரிடமும் சொன்னேன். கேட்டதும் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். அப்புறம், "என் வயித்துல சாஞ்சிக்கட்டும்மா, அது எதுக்கு இருக்கு" என்றார். சிரிப்புப் பொம்மை போட்டவர்தான். பத்தரிடமும் சொல்லியாச்சு. அவருக்கு ஒரு நொடி போதுமாம்.

வலிப்பு வந்தால் வரட்டும். பிள்ளையை நான் எடுத்துக்கொள்வேன், உன்னை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், நீ எழுந்ததும் அடுத்த காதைக் குத்துவோம். வேறு மடியில் குத்தமாட்டேன். வேண்டுமானால் செல்வி காது குத்தாமலேயே வளரட்டும். பத்திரிகையில் உன் பெயரைப் போட்டு அடித்தாகிவிட்டது. திருத்த முடியாது.

சென்னை விமான நிலையத்துக்கு நானே வருகிறேன், செவலையில். இரண்டு சீட்டு. ஒன்றில் நான், ஒன்றில் நீ. அண்ணியும் பெட்டிகளும் செம்மலோடு வாடகை வண்டியில் வரட்டும். 286-தான், 91 பெட்ரோல்தான், கடற்கரைச் சாலையில் வெயிலும் இருக்கும். குறை சொல்லிக்கொண்டே வா. கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.

மேனா


சார்செல்
4 ஜூன் 2025

மேனா,

டிக்கெட் போட்டாகிவிட்டது. 18-ஆம் தேதி காலையில் இறங்குகிறோம். பக்கத்து சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி வை, எனக்குக் கால் நீளம்.

குரூப்பில் போட்டுவிட்டேன். நீ அதில் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். "மேனா வண்டி கொறச்சல் இல்ல. நான்தான் தப்பா அளந்தேன்" என்று போட்டேன். மணியம்மாள் அத்தை, "அப்போ அந்த இருபது குதிரையும் கெடச்சிடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். கிடைத்துவிட்டது என்று பதில் போட்டேன்.

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் தரையில் பாய் விரித்து, சம்மணம் போட்டு, ஒரு அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகுகிறேன். கலைவாணி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். நேற்று வரை பத்து கிலோ. கால் மரத்துப்போகிறதே தவிர, கை நடுங்கவில்லை.

செல்வி இப்போது எத்தனை கிலோ? இதற்குத் தபால் போட்டுக் காத்திருக்காதே, உடனே மெசேஜ் போடு. கிலோ எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நீதானே எழுதினாய்.

அண்ணன்
மதி